காணொளிக் காதுகுத்து

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலேயே தவறான பாதையில் உருளத் தொடங்கிவிட்டது. பிறகு கப்பல், ரயில், விமானம் என்று தவறுகள் பெருகின. ஒருவர் இன்னொருவரைப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கும் இடத்தை விட்டு எழுந்து போக வேண்டும் என்ற மூடநம்பிக்கையை ஐயாயிரம் ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கும் பொறுப்பு கடைசியில் ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே இயங்கும் நைன் பாம்ஸ் பம்ப் சர்வீசஸ் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

அந்த நிறுவனத்தின் நிர்வாக மேலாளர் பாஸ்கர். உறையூர்க்காரர். மனைவி தாமரையோடும் மகன் அக்ஷயோடும் பதினோரு ஆண்டுகளாக அமீரகத்தில் இருக்கிறார். அவருக்குப் படிவங்கள் என்றால் உயிர். மற்றவர்கள் சாலையோரம் ஒட்டகத்தைக் கண்டால் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பாஸ்கர் ஏதாவது அலுவலகத்தில் நல்ல படிவம் ஒன்றைக் கண்டால் இரண்டு பிரதி வாங்கிவந்து வீட்டில் வைத்துக்கொள்வார்.

நைன் பாம்ஸ் செய்வது பம்ப் பழுது பார்க்கும் வேலை. மஸ்கட், பஹ்ரைன், குவைத் என்று வளைகுடா முழுக்க வாடிக்கையாளர்கள். பேச்சுவார்த்தைக்கு ஒருவர் பறப்பார், பழுது பார்க்க இன்னொருவர் பறப்பார், பார்த்த பழுதைப் பற்றிப் பேச முதலாமவர் மறுபடி பறப்பார். இந்தப் பறத்தலுக்கு முடிவு கட்ட நிர்வாக இயக்குநர் ஷ்யாம் திருவுளம் கொண்டார். ஷ்யாம் சென்னையில் வளர்ந்தவர். நிறுவனத்தில் பச்சை மையில் எழுதும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு.

"பாஸ்கர், இனிமே நோ டிராவல். எல்லாமே வீடியோ கான்ஃபரன்ஸ். நாம ஒரு மூவ்மென்ட் ஆரம்பிக்கிறோம்."

"யாரும் மூவ் ஆகாத மூவ்மென்ட், சார்."

"எக்ஸாக்ட்லி. எழுதி வெச்சுக்கோங்க."

உடனே 'பயணக் குறைப்பு உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. அதில் ஷ்யாமும் மற்ற இரு இயக்குநர்களும் இருந்தார்கள். எந்த கேமரா வாங்குவது என்று முடிவு செய்ய அந்தக் குழு ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் போய்வந்தது.

பாஸ்கர் சந்தேகம் கேட்டார். "கேமராவையும் வீடியோவிலேயே பாத்திருக்கலாமே சார்?"

"கேமராவை கேமரால பாத்தா என்ன தெரியும் பாஸ்கர்? நேர்ல பாக்கணும்."

பாஸ்கர் வியந்து போனார். இவ்வளவு ஆழமாக யோசிப்பவர் மட்டுமே நிர்வாக இயக்குநராக முடியும் என்று அன்று மாலை தாமரையிடமும் சொன்னார். தாமரை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரணம் வெங்காயமா என்று அவர் கேட்கவில்லை.

இயக்கத்துக்குப் பாஸ்கரின் பங்களிப்பு இரண்டு. முதலாவது, படிவம் 16. இனி நிறுவனத்தில் எவர் எங்கே பயணம் போவதானாலும் இதை நிரப்பியாக வேண்டும். பெயர், ஊழியர் எண், இடம், தேதி என்று பதினைந்து கேள்விகள் கடந்தபின் பதினாறாவது கேள்வி வரும்: 'இதைக் காணொளியில் ஏன் செய்ய முடியாது?' பதில் எழுத அரை வரி இடம். நியாயமான காரணம் எதுவும் அரை வரியைத் தாண்டாது என்பது பாஸ்கரின் கருத்து. இயக்குநர்கள் கேமரா பார்க்கப் போனதற்கும் பின்தேதியிட்டுப் படிவம் நிரப்பப்பட்டது. பதினாறாவது கேள்விக்குப் பதில்: 'நேரில் பார்க்க வேண்டும்.' பச்சை மையில்: 'அனுமதிக்கப்பட்டது.'

இரண்டாவது, பயணக் குறைப்பு விதிகள். மொத்தம் ஒன்பது. அவற்றில் ஏழாவது விதியைப் பாஸ்கர் மூன்று நாள் செதுக்கினார்: 'ஊழியர் ஒருவர் காணொளியில் தோன்றினால், அவர் அவ்விடத்தில் நேரில் இருப்பதாகவே எல்லா இடங்களிலும் எல்லாக் காரியங்களுக்கும் கொள்ளப்படும்.' முதலில் 'அலுவலகக் காரியங்களுக்கு' என்றுதான் எழுதியிருந்தார். வாசித்துப் பார்த்தபோது வரி ஒல்லியாகத் தெரிந்தது. கம்பீரத்துக்காக 'எல்லா இடங்களிலும் எல்லாக் காரியங்களுக்கும்' என்று சேர்த்தார்.

மேல்மாடியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்து காணொளி அறை அமைத்தார்கள். அதற்கு 'டிபார்ச்சர்' என்று பெயர். உள்ளே போகிறவருக்குப் பயண உணர்வு வர வேண்டும் என்பதற்காக போர்டிங் பாஸ் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சுவரில் மேகப் படம் ஒட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டம் நீண்டால் அலுமினியத் தாள் மூடிய டப்பாவில் உப்புமா வரும். விமானத்தில் கிடைப்பதைவிட மோசமாக இருக்கக் கூடாது என்று பாஸ்கர் கேண்டீனுக்குக் கடிதம் எழுதினார். கேண்டீன் முயன்றும் முடியவில்லை.

முதல் சோதனை மஸ்கட்டில். அங்கே ஒரு பம்ப் முனகியது. வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு அனுப்பப்படுகிறவன் ஃபிட்டர் சோலைமுத்து. அரியலூர் மாவட்டத்துக்காரன். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவான். எந்த பேரிங், எவ்வளவு தேய்மானம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். அதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்தமுறை அவனை டிபார்ச்சரில் உட்காரவைத்தார்கள்.

"பாய், பம்பு மேல கொஞ்சம் கை வெச்சுப் பாருங்க" என்றான் சோலைமுத்து, தனக்குத் தெரிந்த இந்தியில்.

மஸ்கட் மேனேஜர் கையை வைத்தார். "சூடா இருக்கு."

"சூடு இருக்கட்டும் பாய். துடிப்பு எப்படி?"

"எனக்குத்தான் துடிக்குது."

பம்ப் மறுநாள் நின்றது. பாஸ்கர் அறிக்கை எழுதினார்: 'இணைப்பு சிறப்பாக இருந்தது. ஒலி தெளிவு. உப்புமா போதுமான அளவு. பம்ப் நின்றது குறித்து வாடிக்கையாளர் தனியாகத் தெரிவித்துள்ளார்.'

பெரிய இயக்கங்கள் ஒரு துறையோடு நிற்பதில்லை. வியாபாரப் பயணங்கள் ஒழிந்தபின் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வகை விமான டிக்கெட். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்வர நிறுவனம் தருவது. ஷ்யாம் அதைப் பார்த்தார். பாஸ்கரையும் பார்த்தார்.

"பாஸ்கர், இவங்க ஊருக்குப் போய் என்ன பண்றாங்க?"

"குடும்பத்தைப் பாக்குறாங்க சார்."

"பாக்குறதுதானே? பாக்குறதுக்குத்தானே கேமரா?"

இப்படிப் பிறந்ததுதான் 'மெய்நிகர் விடுப்பு'. விடுப்பு உண்டு, பயணம் மட்டும் இல்லை. ஊழியருக்கு முப்பது நாள் விடுப்பு முறைப்படி வழங்கப்படும். அவர் கேம்ப்பிலேயே இருந்து, தினமும் ஒரு மணி நேரம் டிபார்ச்சருக்கு வந்து, போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்வரலாம். எப்படியும் கேம்ப்பில்தான் இருக்கிறார் என்பதால் அவசர வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆளைக் கையோடு வைத்துக்கொண்டே விடுப்பில் அனுப்பும் வித்தையை உலகில் இதற்கு முன் யாரும் செய்ததாகத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டுகளும் பத்திரமாக இருந்தன. அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது சட்டம். தொலைந்துவிடுமே என்று கவலைப்பட்டுத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது நிறுவனத்தின் அன்பு.

ஒரே ஆண்டில் நூற்று நாற்பத்து மூன்று பேர் ஊருக்குப் போகவில்லை. வரவேற்பறைப் பலகையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைத்தார்கள்.

சோலைமுத்து படிவம் 16 வாங்கிக்கொண்டு போனது அந்தச் சமயத்தில்தான்.

"என்ன சோலை, உனக்கு எதுக்குப்பா படிவம்? டிபார்ச்சர்ல சனிக்கிழமை காலி இருக்கே."

"இல்ல சார். தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. இளவேனில்னு பேரு. பொறந்து பதினோராம் மாசம். நான் போவணும்."

"நல்ல நெட்வொர்க் போட்டுத் தரேன். எல்லாரையும் பாக்கலாம்."

"பாக்குறது இல்ல சார் விசயம். மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்துவாங்க. அதுக்கு நான் ஒருத்தந்தான் மாமன்."

பாஸ்கருக்கு இது தெரியாததல்ல. அக்ஷய்க்குக் காது குத்தியபோது தாமரையின் அண்ணன் மடியில்தான் குத்தினார்கள். ஆனால் தனக்குத் தெரிந்ததை அலுவலகத்துக்குள் எடுத்துவரும் வழக்கம் அவருக்கு இல்லை. "எழுதிக் குடு, மேல அனுப்புறேன்" என்றார்.

சோலைமுத்து பதினைந்து கேள்விகளை அறைக்கூட்டாளி அன்பரசனை வைத்து நிரப்பினான். பதினாறாவதைத் தன் கையாலேயே எழுதினான்: 'மடி வேண்டும்.' அரை வரி இடத்தில் பாதி மிச்சம் இருந்தது.

பச்சை மையில் பதில் வந்தது: 'ஏற்கத்தக்க காரணம் அல்ல. நிராகரிக்கப்பட்டது.'

ஆனாலும் ஷ்யாம் இரக்கமற்றவர் அல்ல. "ஊருக்கே ஒரு டேப்லெட் அனுப்பிடுங்க பாஸ்கர். கம்பெனி லெட்டரோட. உலகத்துலயே முதல் வீடியோ கான்ஃபரன்ஸ் காதுகுத்து. அவார்டுக்குப் போடலாம்."

சொத்து எண் 07 ஒட்டிய டேப்லெட் கூரியரில் அரியலூர் போனது. கூடவே பாஸ்கர் தமிழில் எழுதி முத்திரை வைத்த கடிதம்: 'விதி ஏழின்படி, இக்கருவி இருக்கும் இடத்தில் திரு. சோலைமுத்து அவர்கள் நேரில் இருப்பதாகவே கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

காதுகுத்து நடந்த வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் காலை எட்டு மணி. சோலைமுத்து புதுச் சட்டையும் பட்டுக் கரை வேட்டியுமாக டிபார்ச்சரில் வந்து உட்கார்ந்தான். கையில் போர்டிங் பாஸ். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் எப்படியோ சம்மணம் போட்டுக்கொண்டான். பாஸ்கர் இணைப்பைக் கொடுத்தார்.

திரையில் குலதெய்வக் கோயில் வேப்பமரம் தெரிந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை தெரிந்தது. தங்கை ஜோதிமணி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"அண்ணே, கேக்குதா? சாப்பிட்டியா?"

"கேக்குது தாயி. நீங்க ஆரம்பிங்க."

காது குத்த வந்திருந்த ஆசாரியின் குரல் மட்டும் கேட்டது. "நேரமாவுது. மாமன் எங்கம்மா?"

"இதான் மாமன்."

"எது?"

யாரோ கம்பெனிக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். முத்திரையையும் காட்டியிருக்க வேண்டும். ஆசாரி சொன்னார்: "கம்பெனியே சொல்லுதுன்னா சரிதான். அப்ப மாமன நாற்காலியில வைங்க. மாமன் மேல புள்ளைய உக்கார வைங்க."

வேப்பமரம் சாய்ந்தது. வானம் தெரிந்தது. பட்டுத்துணி கட்டிய ஒரு சின்ன இடுப்பு மேலிருந்து இறங்கி வந்தது. திரை முழுக்க இருட்டாகிவிட்டது.

அப்போதுதான் ஷ்யாம் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன பாஸ்கர், கேமரா ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல சார். புள்ள உக்காந்திருக்கு."

"எங்க?"

"சோலை மேல, சார்."

சோலைமுத்து தன் மடியைப் பார்த்தான். இரண்டு கையும் எதையோ அணைத்துப் பிடிப்பதுபோல முன்னால் நீண்டிருந்தன. இருட்டுக்குள்ளிருந்து வீறிட்ட அழுகை வந்தது. அவன் கைகள் இறுகின. "அழாதடா தங்கம், மாமா இருக்கேன்" என்றான். ஒலி தெளிவாகப் போனது என்று பின்னர் அறிக்கையில் பதிவாயிற்று. அடுத்த கணம் களகளவென்று ஒரு சத்தம். திரையில் இரண்டு கோடு ஓடியது. இணைப்பு அறுந்தது.

பாஸ்கர் ஒன்பது முறை முயன்றார். சொத்து எண் 07 எழுந்திருக்கவில்லை.

மதியம் ஜோதிமணியிடமிருந்து சோலைமுத்துவின் போனுக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தைக்கு முதலில் இடது காது. அது குத்தியாயிற்று. அதற்குள் பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டது, டேப்லெட் அணைந்துவிட்டது. ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். 'மொதக் காதுக்கு மாமன் இருந்தான். ரெண்டாங் காதுக்கு மாமன் அணைஞ்சு போயிட்டான். அணைஞ்ச மாமன் மேல வெச்சு நான் குத்த மாட்டேன். ஆளு வரட்டும்' என்று சொல்லிவிட்டாராம். பன்னிரண்டாம் மாதம் இரட்டைப்படை, ஆகாது. பதின்மூன்றாம் மாதம் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, அதை விட்டால் இனி மூன்றாம் வயதில்தான்.

நைன் பாம்ஸ் நிறுவனம் இந்த நிகழ்வை 'ஐம்பது சதவீத இலக்கு எட்டப்பட்டது' என்று பதிவு செய்தது. கூடவே சோலைமுத்துவுக்கு ஒரு மெமோ போனது: நிறுவனச் சொத்து நனைந்ததற்கு விளக்கம் தரவும். அவன் எழுதிய பதில்: 'மாமன் மடியில் பிள்ளை ஒன்றுக்குப் போவது எங்கள் பக்கம் நல்ல சகுனம்.' பாஸ்கர் அதைச் சொத்துப் பதிவேட்டில் 'இயற்கைக் காரணம்' என்று குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து சோலைமுத்து மறுபடி வந்தான். "சார், இன்னொரு படிவம் வேணும்."

"எதுக்கு?"

"இன்னொரு காது இருக்கே."

"ஒரே விஷயத்துக்கு ரெண்டு படிவம் கிடையாதுப்பா. ஃபைலை முடிச்சாச்சு."

"ஃபைலு முடிஞ்சிருச்சு சார். புள்ள ஒத்தக் காதோட இருக்கு."

பாஸ்கர் அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னார். தாமரை தட்டில் சப்பாத்தி வைத்தபடி கேட்டாள்: "அக்ஷய் காதுகுத்துக்கு எங்கண்ணன் சிவகாசியிலிருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தானே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவனுக்கு உங்க படிவத்தைக் குடுத்திருந்தா என்ன எழுதியிருப்பான்?"

பாஸ்கர் தண்ணீர் குடித்தார். அக்ஷய் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வாட்ஸ் காதுகுத்து?" என்றான்.

இதற்கிடையே நல்ல செய்தி வந்தது. சிங்கப்பூரில் 'உலகப் பயணக் குறைப்பு மாநாடு'. ஐம்பத்திரண்டு நாடுகளிலிருந்து தொள்ளாயிரம் பேராளர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நூற்று நாற்பத்து மூன்று பயணங்களைத் தடுத்த சாதனைக்கு நைன் பாம்ஸ் நிறுவனத்துக்கு விருது. விருதை நேரில் வந்து வாங்க வேண்டும், வராதவர்களுக்கு இல்லை என்பது மாநாட்டு விதி. மூன்று இயக்குநர்களும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். படிவம் 16 மூன்றிலும் ஒரே பதில், ஒரே பச்சை மை.

மேடையில் 'பயனாளி' ஒருவரும் ஷார்ஜாவிலிருந்து காணொளியில் தோன்ற வேண்டும் என்று மாநாட்டார் கேட்டிருந்தார்கள். சோலைமுத்துவைத் தவிர வேறு யார்? அவனுடைய பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். சிக்கனம் கருதி அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மூன்று மாதமாக மை வாங்கவில்லை. பாஸ்கர் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை சோலைமுத்துவிடமே நீட்டினார்.

"முக்குக் கடையில ஒரு காப்பி போட்டு எடுத்துட்டு வா. போட்டோ விழுற பக்கம் தெளிவா இருக்கணும்."

"சரிங்க சார்" என்றான் சோலைமுத்து. பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சார், அந்த ஏழாவது விதி... டிவியில இருந்தா ஆளு அங்க இருக்குற மாதிரின்னு. அது எல்லா எடத்துக்குமா?"

பாஸ்கருக்குப் பெருமை தாங்கவில்லை. தான் செதுக்கிய வரியை முதன்முதலாக ஒரு வாசகர் விசாரிக்கிறார். "எல்லா இடங்களிலும், எல்லாக் காரியங்களுக்கும்" என்று மனப்பாடமாகச் சொன்னார்.

"ஒர்க்‌ஷாப்புக்கும்?"

"எல்லா இடங்களிலும்னா எல்லா இடங்களிலும்தாம்ப்பா."

நகல் வந்தது. அன்பரசன்தான் கொண்டுவந்து கொடுத்தான். மாநாட்டு வேலையில் மூழ்கியிருந்த பாஸ்கர், பாஸ்போர்ட் எங்கே என்று கேட்க மறந்தார். மறந்தாரா, கேட்காமல் விட்டாரா என்பதற்குப் படிவம் எதுவும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாநாட்டு நாள். ஷார்ஜாவில் காலை எட்டு மணி, சிங்கப்பூரில் நண்பகல், அரியலூரில் ஒன்பதரை. பாஸ்கர் டிபார்ச்சரில் கேமராவைத் தயார் செய்துவிட்டு, சோலைமுத்துவை அழைத்துவரச் சொன்னார். அன்பரசன் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்காலிக்கு ஃபிட்டர் சீருடை மாட்டியிருந்தது. அதன் மார்பில் கேம்ப் டேப்லெட், சொத்து எண் 08, டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. பாதுகாப்பு விதியை மதித்து, மேலே மஞ்சள் ஹெல்மெட்டும் இருந்தது.

டேப்லெட்டில் சோலைமுத்துவின் முகம். "குட் மார்னிங் சார். டூட்டிக்கு வந்துட்டேன்."

அவனுக்குப் பின்னால் வேப்பமரம் ஆடியது; பதின்மூன்றாம் மாத முகூர்த்தம் அன்றுதான். அவன் மடியில் இளவேனில் உட்கார்ந்து அவன் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பாஸ்கர் வாய் திறப்பதற்குள் சிங்கப்பூர் இணைப்பு வந்துவிட்டது. பெரிய மேடை. ஷ்யாம் கோட்டு சூட்டோடு, கையில் கண்ணாடி விருதோடு நின்றார். அவருக்குப் பின்னால் திரையில் நாற்காலியும் ஹெல்மெட்டும் பிரம்மாண்டமாகத் தெரிந்தன. "ஊருக்குப் போகாமலே ஊருக்குப் போய்வந்த எங்கள் சோலைமுத்து!" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். தொள்ளாயிரம் பேர் கைதட்டினார்கள். ஷ்யாம் திரும்பிப் பார்த்து, தமிழில் முணுமுணுத்தார். "பேக்கிரவுண்டு சூப்பரா இருக்கு பாஸ்கர். நிஜ மரம் மாதிரியே."

"சார், அது பேக்கிரவுண்டு இல்ல. அரியலூர்."

"வாட்?"

அந்த நேரம் பார்த்து பாஸ்கரின் போன் அடித்தது. ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்து சிமெண்ட் ஆலை. நிறுவனத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர். போனில் சொன்னதை பாஸ்கர் அப்படியே ஒப்பித்தார். "சார், கூலிங் பம்ப் நின்னுடுச்சாம். சூளையை அணைச்சுட்டாங்களாம். சோலைமுத்து வந்தாத்தான் கேட்டைத் திறப்பாங்களாம், வேற யாரு வந்தாலும் கலாஸ்னு சொல்றாங்க. கான்ட்ராக்டையே முடிச்சுக்குவாங்களாம்."

ஷ்யாமின் முகம் விருதைவிட வெளிறியது. "அவனை உடனே அங்க போகச் சொல்லுங்க!"

"அவர் டூட்டியிலதான் சார் இருக்கார். விதி ஏழு."

"சொல்லுங்க சார்" என்றான் டேப்லெட்டில் சோலைமுத்து. "நல்லா கேக்குது. செத்த இருங்க, ஊசி எடுத்துட்டாரு."

ஷ்யாம் தமிழில் வெடித்தார். தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்று நினைத்திருப்பார். "யோவ்! அங்க உக்காந்துக்கிட்டு பம்பை எப்படிய்யா சரி பண்ணுவ? கை வெச்சுப் பாக்க வேணாமா? இதெல்லாம் ஆளு நேர்ல இருந்தாத்தான்யா நடக்கும்! இந்த வீடியோல என்னத்தைய்யா கிழிக்க முடியும்?"

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் காலையிலிருந்து வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கடமை தவறாதவர். ஒரு சொல் விடாமல் தொள்ளாயிரம் காதுகளில் போட்டார்.

ஐம்பத்திரண்டு நாடுகளிலிருந்து பறந்து வந்திருந்த பேராளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். மாநாட்டில் அதுவரை பேசப்பட்டவற்றிலேயே தங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போனது இந்தப் பேச்சுதான் என்று பலர் பின்னூட்டத் தாளில் எழுதினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே அரியலூரிலிருந்து வீறிட்ட அழுகை வந்தது. பாஸ்கர் திரையைப் பார்த்தார். இந்தமுறை இருட்டு இல்லை. சோலைமுத்துவின் ஒரு கை குழந்தையின் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தது, இன்னொன்று அதன் இரண்டு கையையும் சேர்த்துப் பற்றியிருந்தது. பம்பின் மேல் வைக்கிற அதே கைகள். குழந்தை திமிறி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சு சார்" என்றான் சோலைமுத்து. "வேட்டிய நனைச்சுட்டா. இப்ப சொல்லுங்க, எந்த பம்ப்பு?"

ஷ்யாம் மேடையை விட்டு இறங்கி நடந்துகொண்டே போனில் கத்தினார். "டிக்கெட் போடுங்க பாஸ்கர்! எந்த ஃப்ளைட்டா இருந்தாலும் சரி. இன்னிக்கே!"

"போட்டுடலாம் சார். படிவம் 16 வேணும்."

"என்ன விளையாடுறீங்களா?"

"யாரு பயணம் போனாலும் வேணும் சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

பாஸ்கர் படிவத்தைப் போனில் அனுப்பினார். ஷ்யாம் ஓட்டல் வரவேற்பறையில் அதை அச்செடுத்து, நின்றபடியே நிரப்பி, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார். நான்கு நிமிடம் ஆயிற்று. அதுதான் இன்றுவரை சாதனை நேரம்.

சோலைமுத்து மாலை விமானத்தில் திருச்சியிலிருந்து ஷார்ஜா வந்து இறங்கினான். அந்த ஆண்டு நிறுவனம் ஒரு தொழிலாளிக்குப் போட்ட ஒரே டிக்கெட் அதுதான். போனது அவன் சொந்தக் காசில்; இது ஊரிலிருந்து திரும்பி வருவதற்கு. மறுநாள் ராஸ் அல் கைமாவில் பம்பின் மேல் கை வைத்தான், கண்ணை மூடினான், இரண்டாவது பேரிங் என்றான். சூளை எரியத் தொடங்கியது. விருது வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. நூற்று நாற்பத்து மூன்று என்று கண்ணாடியில் பொறித்துவிட்டதால், சோலைமுத்துவும் ஊருக்குப் போகாதவனாகவே இன்றும் அதில் இருக்கிறான்.

கடைசியாகக் கோப்பு வேலை மட்டும் மிஞ்சியது. நைன் பாம்ஸில் படிவங்களை ஊழியர் எண் வாரியாக அடுக்குவது வழக்கம். பாஸ்கர் சோலைமுத்துவின் கோப்பை எடுத்து, இரண்டு படிவங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். கோத்தபின் வெகுநேரம் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு ஆண்டில் நிறுவனத்தின் கொள்கை இவ்வளவு தெளிவாக அவருக்குப் புரிந்ததில்லை.

ஒரே ஆள். ஒரே கேள்வி: 'இதைக் காணொளியில் ஏன் செய்ய முடியாது?'

முதல் தாளில், நீல மையில்: 'மடி வேண்டும்.' கீழே பச்சையில்: 'ஏற்கத்தக்க காரணம் அல்ல. நிராகரிக்கப்பட்டது.'

இரண்டாம் தாளில், பச்சை மையிலேயே: 'கை வேண்டும்.' கீழே: 'அனுமதிக்கப்பட்டது. மிக அவசரம்.'